வட்ட மேசையும் ஒரு வயிற்று வலியும்

அந்தப் பயிற்சி நிலையத்தில் யாரும் ‘தெரியாது’ என்று சொல்லமாட்டார்கள். இப்படி ஒரு விதி எந்தச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எந்தச் சுற்றறிக்கையிலும் வந்ததில்லை. ஆனாலும் இயக்குநர் முதல் கடைநிலை ஊழியர் வரை, அந்த வளாகத்துக்குள் கால் வைத்த எவரும் அதை மீறத் துணிந்ததில்லை. சென்னை பஸ் எப்போது வரும் என்று கேட்டால் ‘வந்துக்கினே இருக்குது’ என்பார் வாயிற்காவலர். மருந்து இருக்கிறதா என்று கேட்டால் ‘வேணும்னு எழுதி இண்டென்ட் போட்டாச்சு’ என்பார் மருந்தகக்காரர். நோயாளி பிழைப்பாரா என்று கேட்டால் ‘எல்லாம் கவனிப்பில் இருக்கிறது’ என்பார் டாக்டர். இம்மூன்று விடைகளுக்கும் பொருள் ஒன்றே என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். எல்லாம் தெரிந்திருப்பதுதான் அந்த நிலையத்தின் சிறப்பு.

ஒரே ஒருத்தி ஒருமுறை வாய் தவறியிருக்கிறாள். முந்தைய ஆண்டு மாணவி கலாவதி. நோயாளிக்கு ஏன் காய்ச்சல் இறங்கவில்லை என்று இயக்குநர் கேட்டபோது, “தெரியல சார்” என்றுவிட்டாள். அவளை யாரும் கடிந்துகொள்ளவில்லை. ‘மேலும் பயிற்சி தேவை’ என்று அன்புடன் குறிப்பெழுதி, துணி அறையில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் பணியைக் கொடுத்தார்கள். கலாவதி இன்னமும் மடித்துக்கொண்டிருந்தாள். புதிதாக வருகிற மாணவர்களை முதல் நாளே அந்தப் பக்கம் ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுவதும் பாடத்திட்டத்தில் எழுதப்படாத ஒரு பகுதியாக இருந்தது.

காஞ்சிபுரத்தில், ஒரு பழைய தரும ஆஸ்பத்திரியின் பின்புறத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில் முளைத்த அந்த நிலையத்தின் முழுப்பெயர் ‘கூட்டு மருத்துவப் பணிப் பயிற்சி மற்றும் மதிப்பீட்டு நிலையம்’. அதன் இயக்குநர் டாக்டர் திருவேங்கடம் ஒருமுறை வெளிநாடு போயிருந்தார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டரும் நர்ஸும் மருந்தாளரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டார். என்ன பேசினார்கள் என்பதை அவர் கவனிக்கவில்லை. மேசை வட்டமாக இருந்ததைக் கவனித்தார்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஒரு வட்ட மேசை செய்யச் சொன்னார். தச்சர்கள் தேக்கில் செய்துகொண்டு வந்தார்கள். சமத்துவத்துக்கு ஏற்ற அகலத்தில் அது அமைந்திருந்தபடியால் வகுப்பறை வாயிலில் நுழையவில்லை. வாயிலை இடிக்கப் பொதுப்பணித் துறையின் ஒப்புதல் வேண்டும். மேசையை அறுக்க யாருடைய ஒப்புதலும் வேண்டாம். ஆகவே அதை நடுவே அறுத்து இரண்டு அரை வட்டங்களாக உள்ளே கொண்டுவந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த அரை வட்டத்தில் மருத்துவ மாணவர்களும், சன்னல் வெயில் விழும் அரை வட்டத்தில் ஏனையோரும் அமர்ந்தார்கள். காப்பி கொண்டுவரும் ஊழியர் நடந்து போக இடையில் ஒரு வழி விடப்பட்டது.

“இரண்டு அரை வட்டங்கள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம் என்பதை நீங்கள் ஒருபோதும் மறக்கலாகாது” என்று திறப்பு விழாவில் பேசினார் இயக்குநர். மாணவர்கள் அதை எழுதிக்கொண்டார்கள். பரீட்சைக்கு அது வந்தது.

அந்த வெயில் பக்கத்து அரை வட்டத்தில் ஏலவார்குழலி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையார்பாளையத்துப் பட்டுநெசவுக் குடும்பத்துப் பெண்; செவிலியர் படிப்பில் இறுதியாண்டு. உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது. கூட்டுப் பணிச் சான்றிதழைக் காட்டினால் மறுநாளே சேரலாம். காட்டாவிட்டால் இன்னும் ஓராண்டு இதே அரை வட்டம். போதாக்குறைக்கு, இந்நிலையத்தில் மதிப்பெண் தனித்தனியே கிடையாது. நால்வர் ஒரு குழு. ஒருவர் தவறினால் நால்வரும் தவறியவர்கள். அவளுடைய குழுவில் மருத்துவ மாணவன் உமாபதி, மருந்தாளர் மாணவன் சிட்டிபாபு, சுகாதாரப் பணிக்குப் படிக்கும் மரியம்மாள் ஆகியோர் இருந்தார்கள். நால்வரும் நல்லவர்கள். இடையில் காப்பி வழி இருந்ததனால் அவர்களுக்குள் அதிகம் பேச்சு இல்லை.

முதல் பருவத் தேர்வு எழுத்துத் தேர்வு. ‘கூட்டுப் பணியின் இன்றியமையாமையை விளக்குக’ என்பது வினா. காப்பியடிப்பதைத் தடுக்கும் பொருட்டு நால்வரையும் நான்கு அறைகளில் தனித்தனியே உட்கார வைத்தார்கள். சிட்டிபாபுவின் பேனாவில் மை தீர்ந்துபோகவே, பக்கத்து அறைச் சன்னல் வழியாகக் குழலி தன்னிடமிருந்த மாற்றுப் பேனாவை நீட்டினாள். கண்காணிப்பாளர் பாய்ந்து பிடித்துவிட்டார். இருவர் மீதும் ‘தேர்வின்போது ஒருவருக்கொருவர் ஒத்துழைத்த குற்றம்’ பதிவாயிற்று.

“ஏம்மா, இன்னா தப்பு பண்ணோம் நாம?” என்று சிட்டிபாபு வராந்தாவில் கேட்டான். அவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கோபம் வந்தால் மட்டும் சுத்தமான காஞ்சிபுரத்துப் பேச்சு வரும்.

குழலி ‘தெரியல’ என்று சொல்ல வாயெடுத்து, துணி அறையை நினைத்துக்கொண்டு, “பரிசீலனையில இருக்குது” என்றாள்.

அடுத்தது களப்பயணம். ‘கூட்டுப் பணிக்கு இவ்வூரின் பண்டைய எடுத்துக்காட்டு’ என்ற தலைப்பில் ஒரு தறி வீட்டுக்கு மாணவர்களை அழைத்துச்செல்ல இயக்குநர் தீர்மானித்தார். பயிற்சி நிலையத்துக்கு மிக அருகில் இருந்த தறி வீடு குழலியின் வீடாக இருந்தது. அவள் தன் வீட்டு வாசலிலேயே மற்றவர்களோடு வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, பார்வையாளராக உள்ளே நுழைந்தாள்.

அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இரண்டையும் நெசவிலேயே கோக்கிற கோர்வைச் சேலை அது. ஊடை நூலைச் சுமந்து நடுவில் ஓடும் நாடா அவர் கையில், கரைக்கு ஓடும் நாடா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கையில். மாணவர்கள் சுற்றி நின்றார்கள். இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கவனியுங்கள், எத்தனை அமைதி, எத்தனை இணக்கம்…” என்று தொடங்கியபோது அம்மா கத்தினாள்.

“யோவ், நிறுத்துய்யா! கரைல இழை போய்ட்சு. கண்ணு எங்க வெச்சிக்கினு இருக்கே?”

அப்பா தலையைக்கூடத் திருப்பவில்லை. கால் அந்த இடத்திலேயே நின்றது. அம்மா இழையை முடிந்தாள். “ம்” என்றாள். தறி மறுபடி ஓடிற்று.

இயக்குநர் அதிர்ந்துபோனார். “பெரியவரே, குழுத் தலைவரான தங்களை அந்த அம்மையார் இப்படி இரைந்து பேசலாமா?”

“கரைல இழை போனா எனக்கு எப்பிடி சார் தெரியும்? அது அவளுக்குத்தான் தெரியும்” என்றார் அப்பா, நாடாவைத் தள்ளியபடி. “இங்கேர்ந்து எனக்கு அது தெரியாது.”

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சபையில் சொல்லத்தகாத ஒரு வார்த்தையைப் பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால் சிறுவர்கள் அடைகிற கூச்சம் அவர்கள் முகத்தில் இருந்தது. இயக்குநர் அந்த வார்த்தையைக் கேட்காதவர்போல் நகர்ந்தார். ‘தறியில் கூட்டுப் பணி திருப்திகரமாக இல்லை. தலைமைக்கு மரியாதை குறைவு. குரல் தணிவு அறவே இல்லை’ என்பது அவருடைய அறிக்கையில் இருந்த முடிவுரை. அன்று இரவு சோறு போடும்போது அம்மா, “உங்க டாக்டரு எங்களுக்கு எத்தினி மார்க்குடி போட்டாரு?” என்று கேட்டாள். குழலி ரசத்தை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றினாள்.

ஆண்டின் சிகரம் செய்முறைத் தேர்வு. உண்மையான நோயாளியை வைத்துத் தேர்வு நடத்தினால் அவர் எப்போது என்ன செய்வார் என்று சொல்ல முடியாது; தேர்வின் சீர்மை கெடும். ஆகவே நன்கு பயிற்றுவிக்கப்பட்ட ஒரு நடிகரைக் கட்டிலில் படுக்க வைத்து, அவரைக் குழுவினர் பரிசோதிக்க வேண்டும் என்பது இயக்குநரின் கண்டுபிடிப்பு. சின்ன காஞ்சிபுரத்தில் ராஜா வேடங்களுக்குப் பெயர்பெற்ற நாடக நடிகர் மாசிலாமணிக்கு அந்தப் பாத்திரம் கிடைத்தது. நோய், குடல்வால் அழற்சி. வலி, வயிற்றின் வலது கீழ்ப்பக்கம். வரப்போவது நடிகர் என்பது மாணவர்களுக்குத் தெரியும்; எந்த நடிகர் என்பது தெரியக்கூடாது என்பதற்காக ஒத்திகைகள் இரகசியமாக நடந்தன. ஒத்திகைக்கு இயக்குநரும் வந்திருந்தார் என்றாலும், நோயாளிகளின் முகத்தைப் பார்க்கும் வழக்கத்தை அவர் கைவிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மதிப்பீட்டுக்கான தலைப்புகளை மேலிடம் அச்சிட்டு அனுப்பியிருந்தது: புன்னகை, குரல் தணிவு, பரஸ்பரப் பாராட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒருமித்த கருத்து. நோயாளி குணமடைவதற்குத் தனித் தலைப்பு இல்லை. அது நோயாளியின் சொந்த விஷயம் என்று மேலிடம் கருதியிருக்கலாம்.

தேர்வு நாள் வைகாசி மாதத்துக் கருட சேவை நாளாக வாய்த்துவிட்டது. வரதராஜப் பெருமாள் கருடன் மேல் ஏறி ஊருக்குள் வருகிற அந்த விடியற்காலையைக் காண, சுற்றுப்பட்டுக் கிராமத்து மக்களெல்லாம் முதல் நாள் இரவே வந்து, கிடைத்த இடத்தில் துணி விரித்துப் படுத்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து மதிப்பிட வந்த டாக்டர் சீனிவாசனின் கார் கூட்டத்தில் சிக்கியது. தேர்வு தள்ளிப்போகிறது என்று அறிந்த மாசிலாமணி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவதற்குள் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று கருதிக் கோவில் பக்கம் நடந்தார்.

வாயிலில் நின்ற ஊழியர் குப்புசாமிக்கு ஒரே ஓர் உத்தரவு இருந்தது: ‘வயிற்று வலி என்று ஓர் ஆள் வருவார். நேரே தேர்வு அறைக் கட்டிலில் படுக்க வை. வேறு எவரையும் விடாதே.’

திருமுக்கூடலிலிருந்து கருட சேவைக்கு வந்திருந்த எல்லப்பன் என்ற விவசாயி, மனைவி பொன்னியம்மாளின் தோளில் கை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான்.

“ஐயா, இவருக்கு விடிகாலைலேர்ந்து வயித்து வலி…”

“வயித்து வலியா? வாங்க வாங்க!” என்று குப்புசாமி எழுந்து நின்றார். “உங்களுக்காவத்தான் பெரிய டாக்டருங்கள்லாம் காத்துக்கினு இருக்காங்க. ஏன் இவ்ளோ லேட்டு?”

பொன்னியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த ஆஸ்பத்திரியிலும் அவர்களை இப்படி வரவேற்றதில்லை. கணவனோடு உள்ளே போக அவள் அடி எடுத்தபோது குப்புசாமி கையை நீட்டித் தடுத்தார்.

“நீ வாணாம்மா. உனக்குப் பார்ட்டு இல்ல.”

கட்டிலைச் சுற்றி நால்வரும் வந்து நின்றார்கள். எதிரே நாற்காலிகளில் இயக்குநரும் டாக்டர் சீனிவாசனும் வீற்றிருந்தார்கள். உமாபதி பயின்றபடி புன்னகைத்துத் தொடங்கினான்.

“வணக்கம். நான் மருத்துவர். இவர் எங்கள் செவிலியர். இவரின்றி நான் இல்லை.”

“இவர் எங்கள் மருந்தாளர். இவரின்றி நாங்கள் இல்லை” என்றாள் குழலி.

“இவர் எங்கள் சுகாதாரப் பணியாளர்…” என்று சிட்டிபாபு தொடர, மரியம்மாள் வட்டத்தை நிறைவு செய்து மீண்டும் மருத்துவரிடம் கொண்டுவந்து சேர்த்தாள். எல்லப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். பரஸ்பரப் பாராட்டுக்கு முழு மதிப்பெண் விழுந்தது.

“எங்க வலிக்குது?”

“வயிறு பூரா பிசையுது சாமி” என்றார் எல்லப்பன், வயிறெங்கும் கையைத் தடவி.

நாற்காலியிலிருந்து இயக்குநர் இருமினார். “வலது கீழ்ப்பக்கம். நன்றாக நினைவுபடுத்திப் பார்.”

“இல்ல சாமி, எல்லாப் பக்கமும்…”

“வலது கீழ்ப்பக்கம்!”

“சரிங்க சாமி” என்றார் எல்லப்பன். பெரிய டாக்டர் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிட்டாரே என்று அவருக்கு வியப்பு.

குழலி நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது அவருடைய கண்ணிமைகள் பாதி மூடியிருந்தன. அவர் திறக்க முயன்றார், இமை ஏறவில்லை. தூக்கமென்று நினைத்தாள். ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் விழித்திருப்பவர்போலவே விடை சொன்னார். விடை மட்டும் வாயிலிருந்து குழறி வந்தது.

“தூங்காதே!” என்றார் இயக்குநர்.

டாக்டர் சீனிவாசன் பக்கத்தில் சாய்ந்து, “நோயாளியின் நடிப்பில் ஈடுபாடு போதவில்லை. வலியைவிடச் சோம்பலே மேலோங்கி நிற்கிறது” என்றார். இயக்குநர் வருத்தத்துடன் குறித்துக்கொண்டார்.

எல்லப்பன் எச்சிலை விழுங்க முயன்றும் முடியாமல் போக, அது கடைவாயில் வழிந்தது. குழலி துடைத்துவிட்டாள். நடிகனால் கண்ணைச் செருக முடியும். குரலைக் குழற வைக்கவும் முடியும். தன் எச்சிலைத் தானே விழுங்க முடியாமல் ஒருவன் நடிப்பானா? அவள் உமாபதியைப் பார்த்தாள். அவனும் எல்லப்பனின் வயிற்றில் வைத்த கையை எடுக்காமல் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு மேலே கண்கள் மட்டும் வேறு எதையோ கேட்டன.

“குழுவின் ஒருமித்த கருத்து என்ன?” என்றார் டாக்டர் சீனிவாசன்.

அறையின் மூலையில், நோயாளிகள் உடை மாற்றுவதற்கான பச்சைத் துணித் தடுப்பு ஒன்று இருந்தது. “கை கழுவிட்டு வரோம் சார்” என்று சொல்லிக் குழலி அதன் பின்னால் போனாள். மற்ற மூவரும் ஏதோ கயிற்றில் கட்டி இழுத்ததுபோல் பின்னாலேயே வந்தார்கள். அங்கே கை கழுவத் தண்ணீர் இல்லை. நால்வர் நிற்க இடமும் இல்லை. முதல்முறையாக அவர்கள் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள்.

“சார்,” என்று குழலி உமாபதியிடம் காற்றுக்கும் கேட்காத குரலில் தொடங்கினாள். “அந்த ஆளுக்கு இமை ஏற மாட்டேங்குது. முழுங்க முடியல. ஆனா நெனவு இருக்குது. ஏன்னு எனக்குத் தெரியல.”

சொன்ன வாயை அவளே கையால் பொத்திக்கொண்டாள். உமாபதி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு, ஆண்டு முழுவதும் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுபவன்போல், “எனக்கும் தெரியல சிஸ்டர்” என்றான். “வயிறு மெத்து மெத்துன்னு இருக்கு. சத்தியமா குடல்வால் இல்ல. என்னன்னு தெரியல.”

“வெளியில ஒரு அம்மா நின்னு அழுதுக்கினு இருக்குது” என்றாள் மரியம்மாள். “நான் உள்ள வர்றப்ப முந்தானையைப் புடிச்சுக்கிச்சு. ராத்திரி வேகவதி ஆத்தோரமா புல்லுல துணி விரிச்சுப் படுத்தாங்களாம். நடிகரோட சம்சாரமும் வேஷம் கட்டிக்கினு வந்திருக்குதுன்னு நெனச்சுட்டேன். இதை ஏன் சொல்றேன்னு எனக்கே தெரியல.”

“புல்லுலயா?” என்றான் உமாபதி. “ராத்திரி, தரையில… இமை… வயித்து வலி. கட்டுவிரியன்! கடிச்ச இடமே தெரியாதுன்னு புஸ்தகத்துல ஒரு பத்தி இருக்கு. பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டேன். விஷமுறிவு மருந்து இங்க இருக்குமா? அதுவும் எனக்குத் தெரியாது!”

“அது மட்டும் எனக்குத் தெரியும்பா” என்றான் சிட்டிபாபு. “பிரிட்ஜுல அடித்தட்டுல, பெரிய டாக்டரோட தயிர் டப்பாவுக்குப் பின்னால இருக்குது.”

தடுப்பு சரிந்து விழுந்தது. சிட்டிபாபு மருந்தகத்துக்கு ஓடினான். உமாபதி முற்றம் தாண்டி, பணியில் இருந்த டாக்டரை அழைக்க ஓடினான். மரியம்மாள் பொன்னியம்மாளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். குழலி எல்லப்பனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைச் சுத்தம் செய்து, அவருடைய மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் புன்னகைக்கவில்லை. யாரும் யாரையும் பாராட்டவில்லை. தேர்வாளர்கள் இருவரும் இந்தக் கலவரத்தை மிகுந்த வேதனையோடு நோக்கினார்கள்.

தள்ளுவண்டியில் எல்லப்பனை ஏற்றிக்கொண்டு போனபோது, எதிரே நெற்றியில் சந்தனமும் கையில் புளியோதரைத் தொன்னையுமாக மாசிலாமணி வந்தார். கட்டில் காலியாக இருப்பதைக் கண்டு, தாமதத்துக்கு ஈடுசெய்யும் விதமாக ஓடிப்போய் அதில் விழுந்து, “ஐயகோ! வலது கீழ்ப்பக்கம்! பிராணன் போகிறதே!” என்று கூடம் அதிரக் கதறினார்.

டாக்டர் சீனிவாசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதுவல்லவோ நோயாளி!” என்றார்.

மாலையில் முடிவு எழுதப்பட்டது. நோயாளிக்கு முதல் வகுப்பு. குழுவுக்கு, ‘தேர்வின் நடுவே மதிப்பீட்டாளர் பார்வையிலிருந்து மறைந்தது, ஒருமித்த கருத்து தெரிவிக்காமலே கலைந்தது’ என்ற குறிப்புடன் பூஜ்யம்.

எல்லப்பன் பிழைத்துக்கொண்டார். அதுதான் நிலையத்துக்குப் பெரிய சிக்கலாயிற்று. ஊர் முழுக்கச் செய்தி பரவி, ‘பயிற்சி மாணவர்கள் காப்பாற்றினார்கள்’ என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். தேர்ச்சி பெறாத மாணவர்கள் ஓர் உயிரைக் காப்பாற்றினார்கள் என்றால் தேர்வைப் பற்றி மேலிடம் என்ன நினைக்கும்? இயக்குநர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் நால்வரையும் அறைக்கு அழைத்தார்.

“உங்கள் மதிப்பெண்கள் மறுபரிசீலனை செய்யப்பட்டன. நால்வரும் முதல் வகுப்பு. சனிக்கிழமை பாராட்டு விழா. நீங்கள் பேச வேண்டியதில்லை. யாராவது கேட்டால், ‘முதலிலேயே தெரியும்’ என்று சொன்னால் போதும். அப்போதே மேடையில் சான்றிதழ்.” சற்று நிறுத்தி, “துணி அறையில் கலாவதிக்கு ஓர் உதவியாளர் தேவைப்படுவதாக மேட்ரன் சொன்னார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை” என்று, குறிப்பாக யாரையும் பாராமல் சொன்னார்.

விழா, வட்ட மேசைக் கூடத்தில் நடந்தது. இரண்டு அரை வட்டங்களையும் அன்றைக்கு மட்டும் மேடையில் ஒன்றாகச் சேர்த்து, இடைவெளி தெரியாமல் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். எல்லப்பனுக்கும் பொன்னியம்மாளுக்கும் மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். குழலியின் அப்பாவும் அம்மாவும் பின்வரிசையில் இருந்தார்கள். சான்றிதழ்கள் தாம்பாளத்தில் இருந்தன. மேலே இருந்த ஒன்றில் தன் பெயர் எழுதியிருப்பதை மேடையிலிருந்தே குழலியால் படிக்க முடிந்தது.

டாக்டர் திருவேங்கடம் ஒலிபெருக்கியின் முன் நின்றார்.

“அன்று கட்டிலில் இருந்தவர் நடிகர் என்று சிலர் எண்ணியிருக்கக்கூடும். அந்தோ, அவர்களுக்காக இரங்குகிறேன்! உண்மையான நோயாளியை, உண்மையான ஆபத்தை மாணவர்கள் முன் வைக்க வேண்டும் என்று திட்டமிட்டவனே நான். என் மாணவர்கள் அறைக்குள் கால் வைத்த கணத்திலேயே இது கட்டுவிரியன் என்று அறிந்துகொண்டார்கள். நானோ அதற்கும் முன்பே அறிந்திருந்தேன். ஆயினும் நாங்கள் அவசரப்படவில்லை! புன்னகை குன்றாமல், குரல் உயராமல், படிப்படியாகத் தேர்வை நடத்தினோம். அறிந்தும் அமைதி காப்பது! அதுவே கூட்டுப் பணியின் இலக்கணம்!”

கைதட்டல் எழுந்தது. டாக்டர் சீனிவாசன்கூடத் தட்டினார். அது ஓய்ந்தபோது முன்வரிசையில் பொன்னியம்மாள் மாலையோடு எழுந்து நின்றாள்.

“ஐயா, ஒரு சங்கதி. தப்பா நெனச்சுக்காதீங்க. மொதல்லியே தெரியும்னு சொல்றீங்களே…”

“ஆம் அம்மா. முதலிலேயே.”

“அப்பிடின்னா, எங்க ஊட்டுக்காரரு கண்ணு சொருகிக்கினு கெடக்கறப்ப ‘தூங்காதே’ன்னு அதட்டினீங்களாமே. அவரே சொன்னாரு. நான் வெளியில நின்னு கதறிக்கினு இருந்தேன். தெரிஞ்சுக்கினேவா அவ்ளோ நேரம் அவரைச் சும்மா வுட்டு வெச்சிருந்தீங்க?”



“அது… அந்த அம்சம் கவனிப்பில் இருக்கிறது” என்றார் இயக்குநர்.

பொன்னியம்மாள் மேடையில் இருந்த நால்வர் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு டாக்டரு தம்பி. நீ நல்ல புள்ளையாச்சே. உனக்குத் தெரியுமா?”

உமாபதி ஜமக்காளத்தைப் பார்த்தான். “முதல்லயே…” என்றான். அதற்கு மேல் வரவில்லை. சிட்டிபாபு இண்டென்ட் பற்றி ஏதோ முணுமுணுத்தான். மரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். இயக்குநர் தாம்பாளத்திலிருந்து சான்றிதழை எடுத்து, குழலியின் பக்கமாக நீட்டி, அன்பாகத் தலையசைத்தார். கூடத்தின் பக்கவாட்டுக் கதவில் கையில் பாதி மடித்த விரிப்போடு கலாவதி வந்து நின்றிருந்தாள்.

பொன்னியம்மாளின் கண் குழலியிடம் வந்து நின்றது. அந்தக் கண்ணில் நன்றி இருந்தது. ஒரு கணத்தில் அது வேறொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தெரிந்தே தன் புருஷனைச் சாகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கா இத்தனை நாளாகக் கும்பிடு போட்டோம் என்று அது கேட்டது.

இயக்குநர் நீட்டிய சான்றிதழைக் குழலி வாங்கவில்லை. ஒலிபெருக்கியிடமும் போகவில்லை. மேடையின் விளிம்புக்கு வந்தாள். ‘குரல் தணிவு’ என்னும் தலைப்பின் கீழ் ஒரு மதிப்பெண்ணும் தேறாத, கரைப்பக்கத்திலிருந்து அம்மா தறியை நிறுத்துகிற அதே குரல் அவளிடமிருந்து வந்தது.

“இல்லம்மா. எங்களுக்குத் தெரியாது. இவங்க யாருக்குமே தெரியாது.”